சாவு வீட்டுக்கு ஒரு படம்

எனக்கென்று ஒரு நல்ல படம் எடுத்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் மெல்பேர்ன் ஸ்பிரிங்வேலில் ஒரு மனிதரைத் தகனம் செய்த பிறகுதான் வந்தது.

அவரும் நானும் ஒரே அறையில் இருந்தோம். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வியட்நாம்காரர் வீட்டின் பின்பக்க அறை. இரண்டு கட்டில், நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அந்தக் கதிரையில் யாரும் உட்கார்ந்ததில்லை. இருவருடைய மருந்தும் தண்ணீரும் போனும் அதன் மேல்தான் இருக்கும். அவர் கிளிநொச்சிப் பக்கம், நான் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பக்கம். சொந்த நாட்டிலேயே இருந்திருந்தால் சந்தித்திருக்க மாட்டோம். அவர் கோழி வெட்டும் தொழிற்சாலைக்குப் போய்வந்தார். ஒரு நாள் காலை இடைவேளையில் தேநீர்க் குவளையோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவருக்கு உறவு என்று சொல்ல யாரும் இல்லை. கோயில்காரர்கள் முன்னின்று காரியங்களைப் பார்த்தார்கள். ஐயர் வந்தார். விளக்கு வந்தது. மாலை வந்தது. மாலையைப் போடுவதற்குப் படம் இல்லை. அவருடைய போன் அவர் விரலுக்குத்தான் திறக்கும். விரலை வைத்துப் பார்க்கலாமா என்று ஒருவன் கேட்டான். கடைசியில் அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தைப் பிரதி எடுக்கும் கடைக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கினோம். முகம் சதுரம் சதுரமாக உடைந்து வந்தது. மூக்கு எது, கன்னம் எது என்று தெரியவில்லை. அதற்குத்தான் பொட்டு வைத்தோம். அதற்குத்தான் மாலை போட்டோம். முடிந்ததும் அந்தத் தாளையும் பெட்டியின் மேல் வைத்து உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

அறைக்குத் திரும்பி என் போனில் என்னென்ன படம் இருக்கிறது என்று பார்த்தேன். லொறி இலக்கத் தகடுகள். மூலை நசுங்கிய பெட்டிகள், அப்போது வேலை பார்த்த கிடங்கின் மேற்பார்வையாளருக்கு அனுப்ப எடுத்தவை. ஒரு வானவில். என் முகம் எதிலும் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து கொழும்பில் மளிகைக் கடை, கத்தார் டோகாவில் கட்டட வேலை, மலேசியாவில் சாப்பாட்டுக் கடை, பிறகு படகு, முகாம், மில்டூராவில் திராட்சைத் தோட்டம் என்று ஓடிக்கொண்டிருந்தவனை யார் நிறுத்திப் படம் எடுப்பார்கள்? அரசாங்கங்கள் எடுத்திருக்கின்றன. அவை அவர்களிடம் இருக்கின்றன.

அவருடைய கட்டிலுக்கு வேறொருவர் வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து வேறு குறட்டைச் சத்தம் வருவது எனக்குப் பிடிக்கவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு நகரத்தின் மறுகோடிக்கு, ட்ருகனினாவுக்குப் போனேன். இறந்தவருடைய சாமான்களில் ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் என்னோடு வந்தது. அவருக்கு எல்லாச் சட்டையையும் இஸ்திரி போட்டு வைக்கும் பழக்கம். வேலைக்குப் போட்டுப்போகும் சட்டையைக்கூட விடமாட்டார். அங்கே போனவுடன் அதன் மேல் அங்கி மாட்டிவிடுவார்கள், யாரும் பார்க்கப்போவதில்லை. என்றாலும் போடுவார்.

ட்ருகனினாவில் எனக்குக் கிடைத்தது கண்காட்சிச் சாமான்களை ஏற்றி இறக்கும் வேலை. ஓவியங்களும் சிலைகளும் மரப்பெட்டிக்குள் பஞ்சு சுற்றி இருக்கும். என்ன கொண்டுபோகிறோம் என்று நமக்குத் தெரியாது. எந்தப் பக்கம் மேலே என்று மட்டும் அம்புக்குறி போட்டிருக்கும். கிடங்குக்குள் எப்போதும் ஒரே குளிர், வெளியே நல்ல வெயில் அடித்தாலும். மதியச் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் காரில் போய்விடுவார்கள். நான் ஏற்றுமேடையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். எதிரே புதிதாகக் கட்டிய வீடுகள் ஒரே மாதிரி வரிசையாக நிற்கும். ஆட்கள் நடப்பதைப் பார்த்ததில்லை.

அப்படி ஒரு தடவை நகரத்துக்குள் ஒரு பழைய கட்டடத்துக்குப் பெட்டிகள் கொண்டுபோனோம். கலைக்கூடம் என்றார்கள். அங்கே எங்களுக்காகக் காத்திருந்தவர் ஒரு தமிழ்ப் பெண். நாற்பது வயதிருக்கும். கட்டை முடி, கையில் வெள்ளைக் கையுறை. பெட்டியைத் திறந்ததும் உள்ளே ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிய ஒரு பழைய படம். தலைப்பாகை கட்டிய ஒருவன், மேலுடம்பில் துணி இல்லை, கையில் கூடை. பின்னால் திரையில் வரைந்த தென்னைமரம்.

“நம்ம ஆளு மாதிரி இருக்கானே,” என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். சத்தமாகவே வந்துவிட்டது போல. அவர் திரும்பினார்.

“அண்ணே, நீங்க தமிழா? யாரு மாதிரி இருக்காரு?”

“எங்க பெரியப்பா மாதிரி, மிஸ்.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்படியா? எந்தத் தோட்டம்? பேரு ஏதும் தெரியுமா?”

“இல்ல மிஸ், சும்மா சொன்னேன். வெயில்ல நின்னு வேலை செஞ்சா எல்லாரும் எங்க பெரியப்பா மாதிரிதான் ஆயிருவாங்க.”

சிரித்தார். “மிஸ்ஸா? நான் என்னா உங்களுக்குப் பாடம் எடுக்கவா வந்தேன்?” என்றார். ஆனாலும் கடைசி வரை அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டேன். அவர் மலேசியாக்காரர், ஈப்போ. படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டார். வரலாற்று ஆய்வாளர், இந்தக் கண்காட்சிக்குப் பொறுப்பாளரும் அவர்தான். அவருடைய தாத்தா காலத்தில் ரப்பர்த் தோட்டம், எங்களுக்குத் தேயிலை. அதற்கு மேல் எங்களிடையே பொதுவாக எதுவும் இல்லை. ஆனால் அவர் ‘அண்ணே’ என்று கூப்பிட்டது எனக்கு நன்றாக இருந்தது. அதற்காகவே அந்தக் கட்டடத்துக்கு எந்தப் பெட்டி போனாலும் நான் போகிறேன் என்று கை தூக்கினேன்.

பெட்டிகள் திறக்கத் திறக்க அவர் சொல்லிக்கொண்டே போவார். வெள்ளைக்காரன் காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கு வரும் கப்பல்கள் கொழும்பில் நிற்கும். பயணிகள் இறங்கி ஊர் சுற்றிவிட்டுத் தபால் அட்டை வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். அட்டைகளில் இருப்பவர்கள் நம்மவர்கள். அந்த அட்டைகள் இந்த ஊர்ப் பழைய வீடுகளில் பெட்டிக்குள் கிடந்து, வீட்டுக்காரர் செத்ததும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வரும். இவர் ஒவ்வொரு ஞாயிறும் போய்க் குப்பைக்குள் கைவிட்டுத் தேடி எடுப்பார். இந்த மண்ணின் பழங்குடி மக்களையும் இதே மாதிரிதான் திரைக்கு முன்னால் நிறுத்தி எடுத்திருக்கிறார்கள் என்று அந்தப் படங்களையும் காட்டினார். ஒரு படத்தில் நிற்பவனுடைய காலுக்குப் பின்னால் இரும்புக் கால் ஒன்று தெரிந்தது.

“இது என்ன மிஸ்?”

“கழுத்தைப் பிடிக்கிற தாங்கி. அசையாம நிக்கணும்ல. படம் பிடிக்க அவ்வளவு நேரம் ஆகும்.”

எந்த அட்டையிலும் பெயர் இல்லை. ‘தமிழ்க் கூலி’ என்று அச்சடித்திருக்கும். ஒரே ஆளின் படத்தைக் கொழும்பில் தேயிலைக் கூலி என்றும் பினாங்கில் ரப்பர்க் கூலி என்றும் விற்றிருக்கிறார்கள். அந்த இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இவரு எங்கயும் போகல அண்ணே. ஒரே எடத்துலதான் நின்னாரு. கதைய மட்டும் மாத்தி மாத்தி ஒட்டிட்டானுங்க,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பல்வலி உள்ள பக்கத்தை நாக்கு தொட்டுப் பார்ப்பது போலச் சொன்னார்.

அந்தப் பழைய படங்களுக்கு எதிர்ச் சுவரில் புதிய படங்கள் வைப்பது அவருடைய திட்டம். மெல்பேர்னிலும் சிட்னியிலும் இருக்கும் தமிழர்களை அதே மாதிரித் திரைக்கு முன்னால், அதே மாதிரி மரக் கமராவில் எடுப்பார். ஆனால் எல்லோருக்கும் உட்காரக் கதிரை உண்டு. என்ன உடுப்பு, கையில் என்ன பொருள் என்பதெல்லாம் அவரவர் விருப்பம். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு கொக்கியில் காதுக்கருவி தொங்கும். மாட்டிக்கொண்டால் அந்த ஆள் சொன்ன கதை கேட்கும். என்னையும் கேட்டார்.

“ஒரு காப்பி எனக்குத் தருவீங்களா மிஸ்?”

“கண்டிப்பா. எதுக்கு, ஊருக்கு அனுப்பவா?”

“இல்ல. நான் செத்தா வைக்க.”

“என்னா அண்ணே இப்படிப் பேசுறீங்க!” என்றார். பிறகு ஸ்பிரிங்வேல் கதையைச் சொன்னேன். அந்தக் கதையையே பதிவு செய்யலாமா என்றார். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. என் சொந்தக் கதையை அதிகாரிகளிடம் நிறையத் தடவை சொல்லியாகிவிட்டது. மொழிபெயர்ப்பாளருக்காக எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதுகூடப் பழகிப்போய்விட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் போன தடவை சொன்னதோடு பொருந்துகிறதா என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருப்பார். இப்போது அதைச் சொல்லத் தொடங்கினால் யாரோ மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போல எனக்கே கேட்கிறது.

படம் எடுக்கும் நாளில் முகம் வழித்து, எண்ணெய் வைத்துத் தலை சீவி, இறந்துபோனவருடைய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். என்னிடம் வேறு வெள்ளைச் சட்டை இல்லை.

“கொஞ்சம் சாஞ்சு உக்காருங்க அண்ணே. எங்கயாவது பாருங்க, ஜன்னலப் பாருங்க.”

“நேரா இருக்கேன் மிஸ். நேரா எடுங்க.”

“சிரிக்கலாம் லா, காசு கேக்க மாட்டேன்.”

“சாவு வீட்டுல யாரும் சிரிச்ச படம் வைப்பாங்களா?”

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு அவர் சிரித்தது கமரா ஆடியதிலேயே தெரிந்தது. கையில் என்ன வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். என் அகதி வழக்கு இன்னும் முடியாததால் சுவரில் பெயர் போட வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னபோது மட்டும் மிஸ் முகம் சுருங்கியது. பெயர் இல்லாத படங்களுக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும் செய்கிறார். அதில் இன்னும் ஒரு பெயரில்லாத படம். ‘பெயர் சொல்ல விரும்பாதவர்’ என்று போட்டார்.

கண்காட்சி ஒரு வெள்ளிக்கிழமை திறந்தது. அதற்குள் எனக்குத் தாடி வளர்ந்திருந்தது. கண்ணாடியும் போட்டிருந்தேன், தொப்பியும். மூலையில் நின்றேன். பேச்சுகள் ஆங்கிலத்தில் நடந்தன. கைகளில் குவளைகளோடு ஆட்கள் படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்கள். என் படத்துக்கு அருகில் போய் ஐந்தாறு பேர் பார்த்தார்கள். ஒருவர்கூட அங்கிருந்து திரும்பி என்னைப் பார்க்கவில்லை. நானும் அதற்காக நிற்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூத்தோர் சங்கம் ஒன்றிலிருந்து ஒரு சிறு பஸ்ஸில் வந்தவர்களில் ஓர் அன்ரி, யாழ்ப்பாணத்துக்காரி, காதுக்கருவியை மாட்டிக்கொண்டு என் படத்துக்கு முன்னால் நின்றார். முழுவதும் கேட்டார். திரும்பவும் முதலிலிருந்து கேட்டார். கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கைப்பையைத் திறந்தார். கோயிலில் கொடுத்த சந்தனம் ஒரு டிஷ்யூத் தாளில் மடித்திருந்தது. விரலால் தொட்டுப் படத்துக் கண்ணாடியில் என் நெற்றியில் பொட்டு வைத்தார். ஒரு துண்டுப் பூச்சரத்தை எடுத்துச் சட்டத்தின் மேல் வைத்தார். கைகூப்பிக் கும்பிட்டார்.

காவலுக்கு நின்ற வெள்ளைக்காரப் பெண் பதறி ஓடிவந்தாள். மிஸ் அவளைக் கையால் தடுத்தார். அன்ரி அவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“பாவம் பிள்ளை, ஒருத்தரும் இல்லாம மோசம் போயிட்டுது மனுசன். வெள்ளைச் சேட்டைப் பார், எப்பிடி அயன் பண்ணிப் போட்டிருக்கிறார். கதையிலயும் சொல்லினம். ஒரு நல்ல படம் இல்லையெண்டு சொல்லுகினம், நீங்கள் எங்கேயோ தேடி எடுத்துப் போட்டிருக்கிறியள். புண்ணியமாப் போகும்.”

வெள்ளைச் சட்டை, நேர்ப்பார்வை, சிரிக்காத முகம், காதில் ஒரு சாவு. நம் ஆட்களில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். மிஸ் அறை முழுவதும் கண்ணால் தேடி என்னைக் கண்டுபிடித்தார். நான் தலையை ஆட்டினேன், சொல்ல வேண்டாம் என்று. அவர் சொல்லவில்லை. ஆனால் கூட்டம் கலைந்ததும் என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

“அந்தச் சட்டை அவரோடதா அண்ணே?”

“ஆமா மிஸ்.”

“என்கிட்ட சொல்லலையே.”

“நீங்க கேக்கலையே.”

கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்தார். பிறகு, “சொல்லிடணும் அண்ணே. ஒருத்தர் மூஞ்சில இன்னொருத்தர் கதைய ஒட்டிட்டேன். அந்த அட்டைக்காரன் செஞ்ச அதே வேலைய நானும் செஞ்சு வச்சிருக்கேன்,” என்றார். இவ்வளவு படித்தவர் இதற்குப் போய்க் கலங்குகிறாரே என்று அப்போது நினைத்தேன்.

“இருக்கட்டும் மிஸ். அவருக்கு வேற படம் கெடையாது.”

“அதுக்காக உங்க படம் அவரோடது ஆயிருமா?”

“யாருக்கு நட்டம்? எனக்கு அவசரம் இல்ல. நான் செத்ததும் எனக்கு வேணும். அது வரைக்கும் அவரு வச்சிக்கட்டும்.”

அவர் சிரிக்கவில்லை. “அந்த அன்ரி இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருவாங்களாம். அடுத்த தடவை நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்லாட்டி நான் சுவத்துல எழுதுறேன்,” என்றார்.

அந்த வாரம் முழுவதும் நான் அவரோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஏற்றுமேடையில் சோற்றைப் பிசைந்துகொண்டே நல்ல நல்ல பதில்கள் கண்டுபிடித்தேன். அந்த மனிதருக்கு இந்த நாட்டில் முதல் தடவையாக ஒருவர் பூ வைத்திருக்கிறார். நாங்கள் சாவு வீட்டில் வைத்தது வேறு. அன்றைக்கு எப்போது முடியும், எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்று நின்றோம். இந்த அன்ரி வேலை மெனக்கெட்டு வருகிறார். அதைக் கலைக்க வேண்டுமா? இன்னொன்றும் இருந்தது. அந்தப் பொட்டு என் நெற்றியில்தான் இருந்தது. யாருக்காக வைத்திருந்தாலும், ஒருவர் என் முகத்தைப் பார்த்துக் கண் கலங்கியதை நான் அறைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். சொல்வதற்கா, வேறெதற்கா என்று தீர்மானிக்கவில்லை. அன்ரி வந்திருந்தார். சுவரோரத்து வாங்கில் உட்கார்ந்து கால் சப்பாத்தைத் தளர்த்திவிட்டிருந்தார். படத்தில் புதிய பொட்டு, புதிய பூ. வேறு யாரும் இல்லை.

“இரும் தம்பி, இதில இரும்,” என்று கைப்பையை எடுத்து இடம் விட்டார். “தமிழ்தானே? இந்தக் கதை கேட்டனீரா?”

“கேட்டேன் அன்ரி. அவர எனக்குத் தெரியும். ஒரே ரூம்ல இருந்தோம்.”

“கடவுளே!” என் கையைப் பிடித்துக்கொண்டார். “எப்பிடியான ஆள்? நல்ல மனுசனோ?”

நல்ல மனுசனா என்று யாரும் அதுவரை கேட்டதில்லை. யோசித்துச் சொன்னேன். “ரேடியோவுல பாட்டு வந்தா அடுத்த வரிய இவரு முந்திப் பாடுவாரு. எப்பவும் தப்பாத்தான் இருக்கும். பாடுறவங்கதான் தப்பாப் பாடுறாங்கன்னு சண்டை பிடிப்பாரு.”

அன்ரி சத்தமாகச் சிரித்தார். “எங்கட இவரும் அப்பிடித்தான் இருந்தவர்,” என்றார். பிறகு படத்தைப் பார்த்து, “முகத்தைப் பார்த்தா அப்பிடித் தெரியேல்லையே. வலு இறுக்கமா எல்லோ இருக்கிறார்,” என்றார்.

உண்மைதான். அவர் முகம் இப்படி இருக்காது. உருண்டையான முகம், மேல் உதட்டில் ஒரு தழும்பு. யாராவது பேசத் தொடங்கும் முன்னாலேயே சிரிக்கத் தயாராக இருப்பார். அன்ரி என் இறுகிப்போன முகத்தைப் பார்த்துக்கொண்டு அவருடைய சிரிப்பை அதில் தேடிக்கொண்டிருந்தார். கிடைக்காது. எத்தனை வெள்ளிக்கிழமை வந்தாலும் கிடைக்காது. மிஸ் சமையலறையில் ஏன் கலங்கினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“அன்ரி, படத்துல இருக்கறது அவரில்ல,” என்றேன். “அது நான்.” தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றினேன்.

அவர் என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். எழுந்து சப்பாத்தோடு இழுபட்டுக்கொண்டு ஓடினார். சேலைத் தலைப்பால் பொட்டை அழுத்தி அழுத்தித் துடைத்தார். பூவைப் பறித்தெடுத்தார்.

“விசரோ உமக்கு! உயிரோட இருக்கிற ஆளுக்குப் பொட்டு வைச்சிட்டன், நீர் பாத்துக்கொண்டு நிக்கிறீர்! வாய் இல்லையோ சொல்ல? பிள்ளையாரே, நான் என்ன செய்யிறது இப்ப? அந்தப் பிள்ளையும் சொல்லேல்ல, எல்லாரும் சேர்ந்து என்னைப் பேய்க்காட்டிப் போட்டியள்!”

“மன்னிச்சிருங்க அன்ரி.”

“மன்னிக்கிறதோ! உம்மட ஆயுசு கெட்டியாத்தான் இருக்கும், போம்.” மூச்சு வாங்கினார். அதற்குப் பிறகு அவர் கேட்ட குரல் வேறாக இருந்தது. “அப்ப அந்தாளுக்கு ஒரு படமும் இல்லையோ?”

“இல்ல அன்ரி.”

பூச்சரம் அவர் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். எதிர்ச் சுவரில் தலைப்பாகைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் காதுக்கருவி தொங்கிய கொக்கிக்குப் போய், அதில் பூவைச் சுற்றிக் கட்டினார். கதை அதற்குள்ளேதான் இருந்தது. கைகூப்பவில்லை. சும்மா நின்றார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

அடுத்த நாளே மிஸ் படத்துக்குக் கீழே ஒரு பலகை வைத்தார். ‘படத்தில் இருப்பவர் வேறு. கதையில் இருப்பவருக்குப் படம் இல்லை.’ ஆங்கிலத்திலும் அதுவே. கொக்கியில் இருந்த பூவை எடுக்க வேண்டாம் என்று காவல் பெண்ணிடம் சொல்லிவைத்தார். பூவுக்குப் பூச்சி வரும் என்று கூடத்தில் சட்டம் இருந்ததாம். அதை அவர் எப்படிச் சமாளித்தார் என்று நான் கேட்கவில்லை.

கண்காட்சி முடிந்து பெட்டி கட்ட நான்தான் போனேன். காலியான கூடத்தில் மிஸ் தரையில் உட்கார்ந்து கடையில் வாங்கிய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருந்தார். தன் வீட்டு ஆட்கள் யாரும் ஈப்போவிலிருந்து வரவில்லை என்றார். அம்மா போனில், கூட்டம் வந்ததா, சாப்பாடு கொடுத்தீர்களா என்று கேட்டாராம். “படத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல அண்ணே,” என்றார். ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து சாப்பிட்டோம். தலைப்பாகைக்காரர்களை ஒவ்வொருவராகப் பஞ்சு சுற்றி இறக்கினேன். என்னையும் இறக்கினேன். கண்ணாடியின் ஒரு ஓரத்தில் சந்தனத்தின் மஞ்சள் துளி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கொக்கியில் இருந்த சரம் காய்ந்து நூலாகிவிட்டது. மிஸ் அதை ஒரு சின்ன உறையில் போட்டு, “இதையும் பெட்டியில வைங்க அண்ணே,” என்றார். எந்தப் பெட்டியில் என்று நான் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் காதுக்கருவி போன பெட்டியில் வைத்தேன்.

எனக்குத் தருவதாகச் சொன்ன பிரதியைச் சட்டம் போட்டே தந்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அதை வைக்க எனக்கு இடம் இல்லை. அந்த வாரமே சிட்னிக்குப் போவதாக இருந்தேன். பரமட்டாவில் ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருந்தார். ட்ருகனினாவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஓரிடத்தில் எனக்கு இவ்வளவுதான் ஓடும்.

அந்த வெள்ளிக்கிழமை கூடத்தை விட்டுப் போகும்போது அன்ரி தன் முகவரியைச் சொல்லி, “அந்தப் படம் கையில வந்தா எங்க மாட்டுவீர்?” என்று கேட்டிருந்தார். இடம் இல்லை என்றேன். “அப்ப என்னட்டைக் கொண்டு வாரும்,” என்றார். கொண்டுபோனேன். வாசலிலேயே வாங்கிப் பழைய சேலை ஒன்றில் சுற்றினார். குசினியிலிருந்து கத்தரிக்காய்க் குழம்பு மணந்தது. சாப்பிடாமல் விடவில்லை.

“இஞ்ச பாரும், மாட்டமாட்டன். சாமி அறைப் பக்கமும் கொண்டுபோகமாட்டன். அலுமாரிக்குள்ளதான் இருக்கும்,” என்றார். “ஆனா எப்ப மாட்டுறதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? மாசத்துக்கு ஒருக்காப் போன் எடும். எடுக்கேல்லையெண்டா எடுத்து மாட்டிப்போடுவன், சொல்லிப்போட்டன்.”

“நீங்க முந்திட்டா அன்ரி?”

“நான் முந்தினா நீர் வந்து உம்மட படத்தைத் தூக்கிக்கொண்டு போம். எனக்கு வைக்க நல்ல படம் கிடக்கு.”

இப்போது பரமட்டாவில் இருக்கிறேன். மேல்மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தம், மூடினால் பக்கத்து அறைத் தொலைக்காட்சி. சலவைக்கூடத்தில் யாரும் யாரிடமும் பேசுவதில்லை, இயந்திரச் சத்தம் அப்படி. வழக்கு இன்னும் முடியவில்லை. மிஸ் இப்போது வேறு ஊரில் வேறு கண்காட்சி வைத்திருக்கிறாராம். கண்காட்சியில் வைத்த என் படம் ட்ருகனினாவில், நான் எத்தனையோ தடவை பூட்டித் திறந்த அதே கிடங்கில் பெட்டிக்குள் நிற்கிறது. அம்புக்குறி மேலே பார்த்தபடி.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அன்ரிக்குப் போன் எடுப்பேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

“ஆர்?”

“நான்தான் அன்ரி.”

“ஓ, இருக்கிறீரோ. ஓம், அலுமாரிக்குள்ளதான் இருக்கு.”

அதற்கு மேல் எங்களுக்குப் பேச ஒன்றும் இருப்பதில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டிருப்போம். அவர் வீட்டு ரேடியோவில் ஏதாவது பாட்டு ஓடும். அடுத்த வரி எனக்குத் தெரிந்திருக்கும். பாடமாட்டேன். பிறகு அவர் வைத்துவிடுவார்.